இந்த வருஷமாவது கோக் வருமா?

ஜனவரி பிறந்ததும் எங்கள் வாட்ச் குழுவில் பொங்கல் வாழ்த்துக்கு முன்னாலேயே ஒரு படம் வந்து விழுந்துவிடும். டயலைச் சுற்றிப் பாதி கறுப்பு, பாதி சிவப்பு வளையம் போட்ட ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2, ரெண்டு ஊர் நேரத்தைக் காட்டுகிற வாட்ச். எங்கோ ஒரு புண்ணியவான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்டோஷாப்பில் செய்திருப்பார். கூடவே ஒரு வரி: 'கோக் கன்ஃபர்ம்டு'. கோக் என்பது அந்தக் கறுப்பு-சிவப்பு வளையத்துக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பேர், சிவப்பு-நீலத்துக்குப் பெப்சி. யார் கன்ஃபர்ம் செய்தது என்று கேட்டால் மூச்சு இருக்காது. ஆனாலும் அன்றைக்கு முழுக்க வேறு பேச்சு கிடையாது. வருமா, வராதா, வந்தால் ஜூபிலி பட்டையா ஆய்ஸ்டர் பட்டையா, பெப்சியை நிறுத்திவிட்டுத்தான் இதைக் கொண்டுவருவார்களா, அப்படியென்றால் ஏற்கெனவே பெப்சி வைத்திருப்பவர்களுக்கு யோகமா என்று போய்க்கொண்டே இருக்கும்.

இதில் பேசுகிற யாரும் ரோலெக்ஸ் கடையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற ஆள் இல்லை. என் கையில் இருப்பது ஆரஞ்சு டயல் சீகோ 5 ஜிஎம்டி. மற்றவர்களும் காசியோ, சிட்டிசன், டைட்டன், எங்கோ தேடிப்பிடித்த பழைய எச்எம்டி என்று இருப்பவர்கள்தான். வாங்கப் போவதில்லை என்றால் உனக்கெதற்கு இந்த வம்பு என்று வீட்டில் கேட்கிறார்கள். ஐபிஎல் ஏலத்தை ரெண்டு நாள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எல்லாம் டீம் வைத்திருக்கிறார்களா என்ன?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. வருஷத்துக்கு ஒரு முறை, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ, ஜெனீவா விமான நிலையத்தை ஒட்டிய பாலெக்ஸ்போ அரங்கில் 'வாட்சஸ் அண்ட் வண்டர்ஸ்' என்ற கண்காட்சி நடக்கிறது. ரோலெக்ஸ், படேக் ஃபிலிப், கார்ட்டியே, டியூடர் என்று பெரிய தலைகள் எல்லாம் தங்கள் புது வாட்சுகளை அங்கேதான் காட்டுகிறார்கள். முன்பெல்லாம் பாசெல் நகரம்தான் இதற்குப் பேர் போனது, 1917-ல் ஆரம்பித்த சந்தை அது. 2018-ல் ஒமேகா, லாஞ்சீன், டிஸ்ஸோ எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் ஸ்வாட்ச் குழுமம் இனி வரமாட்டோம் என்று விலகியது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் அந்த வருஷக் கண்காட்சி தள்ளிப்போன குழப்பத்துக்கு நடுவே, ரோலெக்ஸ், படேக், ஷனெல், ஷோபார், டியூடர் ஐந்தும் ஒன்றாகக் கைகழுவிவிட்டு ஜெனீவாவுக்குப் போய்விட்டன. அதோடு பாசெல் படுத்தது, எழுந்திருக்கவில்லை.

மற்ற கம்பெனிகளைப் பற்றியும் ஊகங்கள் ஓடும்தான், ஆனால் ரோலெக்ஸ் அளவுக்கு யாரைப் பற்றியும் ஓடாது. காரணம் எளிது. அவர்கள் வாயைத் திறப்பதில்லை. கண்காட்சிக்குச் சில நாள் முன்பு ஒரு சின்ன வீடியோ விடுவார்கள், அதில் ஒரு முள்ளின் நுனி, ஏதோ ஒரு வெளிச்சம், ஒரு வளைவு, அவ்வளவுதான். அந்தச் சில நொடிகளை நம் ஆட்கள் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டி, கோணத்தை அளந்து, 'பாருங்கள், இந்த வளைவு ஆய்ஸ்டர் கேஸ் (வாட்சின் வெளிக்கூடு) மாதிரி இல்லை' என்று சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார்கள். இவ்வளவு உழைப்பை ஆபீஸில் காட்டினால் பிரமோஷன் நிச்சயம்.

இந்த ஊகத்துக்கென்று சில சாஸ்திரங்களும் உண்டு. முதலாவது, பிறந்தநாள் சாஸ்திரம். ரோலெக்ஸின் சப்மரைனர் மாடலுக்கு ஐம்பது வயதானபோது, 2003-ல், பச்சை வளையம் போட்ட ஒன்று வந்தது. 'கெர்மிட்' என்று பேர் வைத்தார்கள். 2005-ல் ஜிஎம்டி மாஸ்டருக்கு ஐம்பது, அதற்குத் தங்கத்தில் ஒன்று, ரோலெக்ஸின் முதல் செராமிக் வளையத்தோடு. ரெண்டு தடவை நடந்ததும் நம் ஆட்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். 2013-ல் டேடோனாவுக்கு ஐம்பது வந்தபோது எல்லோரும் எதிர்பார்த்தது ஸ்டீலில், கறுப்பு செராமிக் வளையம் வைத்த டேடோனா. வந்தது பிளாட்டினம், பனிநீல டயல், பழுப்பு வளையம். விலையைப் பார்த்தவர்கள் பேச்சுமூச்சின்றிப் போனார்கள். கேட்ட ஸ்டீல் வாட்ச் 2016-ல், எந்தப் பிறந்தநாளும் இல்லாத வருஷத்தில், சத்தமில்லாமல் வந்தது. 2015-ல் ஜிஎம்டிக்கு அறுபது. ஒன்றுமே வரவில்லை. 2017-ல் சீ-டுவெல்லருக்கு ஐம்பது, அதற்கு ஒன்று வந்தது, ஆனால் தேதிக்கு மேல் பூதக்கண்ணாடி ஒட்டி. அந்தப் பூதக்கண்ணாடி இல்லாததுதான் சீ-டுவெல்லரின் அழகு என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த கூட்டம் பட்ட வேதனை இருக்கிறதே, அதைத் தனியாக எழுத வேண்டும்.

இந்த சாஸ்திரம் பாதிதான் பலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் யாரும் விடமாட்டார்கள். இந்த வருஷம், 2026, வேறு நூறாவது பிறந்தநாள். தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் கேஸை ரோலெக்ஸ் கொண்டுவந்தது 1926-ல். அடுத்த வருஷமே மெர்சிடிஸ் கிளைட்சு என்ற பெண், கடுங்குளிரில் இங்கிலீஷ் கால்வாயில் நீந்தியபோது அந்த வாட்சைக் கழுத்தில் மாட்டியிருந்தார். குளிர் நீச்சலை முடிக்கவிடவில்லை, அவரைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டியதாயிற்று, வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பெனியை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் அதை வைத்து 'டெய்லி மெயில்' முதல் பக்கம் முழுக்க விளம்பரம் போட்டார். விளம்பரம் செய்யத் தெரிந்த மனுஷன். ஆக, நூறு வருஷம் என்றதும் 'ஏதோ பெரிசா வரும்' என்று கிளம்பியிருக்கிறார்கள், அந்த ஏதோவுக்குள் கோக்கும் நைசாக நுழைந்துவிட்டது.

கோக்குக்கும் ஆய்ஸ்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஆசைக்குச் சம்பந்தம் எதற்கு.

சரி, கோக் ஏன் வரவில்லை என்று பார்ப்போம். எனக்கு இந்த விஷயத்தில் நிறமும் பிறந்தநாளும் ரெண்டாம்பட்சம். ஆலையில் எது தயாராக இருக்கிறதோ அதுதான் வரும் என்பது என் கட்சி. கோக் இதற்கு நல்ல உதாரணம்.

1955-ல் பான் அமெரிக்கன் விமானிகளை மனதில் வைத்து முதல் ஜிஎம்டி மாஸ்டர் வந்தபோது வளையம் பேக்கலைட். விரிசல் விட்டுக்கொண்டே இருந்ததால் சீக்கிரமே அலுமினியத்துக்கு மாறினார்கள். அலுமினியத்துக்கு எந்தச் சாயம் வேண்டுமானாலும் ஏற்றலாம். சிவப்பு-நீலம் பெப்சி ஆனது. 1980-களின் தொடக்கத்தில் முதல் ஜிஎம்டி மாஸ்டர் 2 வந்தபோது அதற்குச் சிவப்பு-கறுப்பு, அதுதான் கோக். 1989-லிருந்து 2007 வரை ஓடிய 16710 என்ற மாடலில் பெப்சி, கோக், வெறும் கறுப்பு மூன்றும் கிடைத்தன. வளையத்தில் இருக்கும் அந்தத் தகடு கழற்றி மாட்டக்கூடியது. கடைக்காரரிடம் கேட்டால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுத் தருவார். கோக் வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் தவம் இருக்கவில்லை.

2007-ல் ஸ்டீல் ஜிஎம்டிக்கும் செராமிக் வந்தது. கீறல் விழாது, வெயிலில் வெளுக்காது. ஆனால் சாயம் ஏற்றும் வேலை இதில் நடக்காது. பொடியாக இருக்கும்போதே நிறம் உள்ளே இருக்க வேண்டும், அப்புறம் சுமார் 1,600 டிகிரியில் சூளையில் வைத்து இறுக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கி நிற்கிற சிவப்பு நிறமி கிடைப்பது குதிரைக்கொம்பு. இதற்கு மேல் ஒரே வளையத்தில், ஒட்டு இல்லாமல், பாதியில் ஒரு நிறம், மீதியில் இன்னொரு நிறம் வேண்டும். அந்த எல்லைக்கோடு கத்தியால் வெட்டியது போல் நேராக இருக்க வேண்டும்.

2013-ல் நீலம்-கறுப்பில் முதல் இருநிற செராமிக் வந்தது, பேட்மேன். 2014-ல் பெப்சி. எப்படிச் செய்தார்கள் என்பது அழகான கதை. வளையம் முழுவதையும் சிவப்பாகவே செய்கிறார்கள், அலுமினியம் ஆக்ஸைடில் குரோமியம் சேர்த்து. மாணிக்கக் கல்லின் சிவப்புக்குப் பின்னால் இருப்பதும் இதே சமாசாரம்தான். அது இன்னும் முழுதாக இறுகாத நிலையில், பாதியில் மட்டும் ஒரு உப்புக் கரைசலை ஊற வைக்கிறார்கள். சூளைக்குள் போனதும் அந்தப் பாதியின் சிவப்பு நீலமாக மாறிவிடுகிறது. வெளியே வரும்போது ஒரே துண்டு, ரெண்டு நிறம். முதல் நாலு வருஷம் இது வெள்ளைத் தங்கத்தில் மட்டும்தான் கிடைத்தது, ஸ்டீலுக்கு 2018 ஆனது. அந்தச் சிவப்பும் எல்லோருக்கும் திருப்தி இல்லை. 'இது சிவப்பா, மங்கிய குங்குமப்பூவா' என்று சண்டை போட்டவர்கள் உண்டு. உற்பத்தியில் கழிவு அதிகம், அதனால் பெப்சியை நிறுத்தப் போகிறார்கள் என்ற வதந்தி வருஷா வருஷம் வலம் வருவதற்கும் இந்தச் சிவப்புதான் காரணம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீலம் பாதிக்கே இந்தப் பாடு. சிவப்பின் ஒரு பாதியை அப்பழுக்கில்லாத கறுப்பாக மாற்ற வேண்டும், அதையும் ஆயிரக்கணக்கில், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல். எங்காவது ஒரு ஆய்வுக்கூடத்தில் கோக் செராமிக் ஒன்றிரண்டு கிடக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரோலெக்ஸ் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் வாட்ச் செய்கிற கம்பெனி என்று மார்கன் ஸ்டான்லி வங்கி மதிப்பிடுகிறது. அந்தக் கணக்கில் செய்ய முடியாத எதையும் அவர்கள் கடைக்கு அனுப்பமாட்டார்கள்.

அலுமினியக் கோக் ஒன்றை நான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தூத்துக்குடியில் ஒரு நண்பரின் பெரியப்பா, கப்பலில் இன்ஜினியராக இருந்தவர், தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் வாங்கியது. மேஜை டிராயரில் மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. சிவப்பு வெளுத்துப்போய் செங்கல் பொடி நிறத்துக்கு வந்திருந்தது, கறுப்புப் பக்கம் சாம்பல் பூத்திருந்தது. எண் 18-க்குப் பக்கத்தில் ஏதோ இரும்பில் இடித்ததில் சாயம் போய் அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. கையை ஆட்டினால் பட்டை கிலுகிலுத்தது. இன்றைக்கு வரும் ரோலெக்ஸ் பட்டையின் கனம் அதில் இல்லை, கொக்கி மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது.

"இதுக்குப் பேரு கோக்கா? எனக்குத் தெரியாதே தம்பி," என்றார். "கடையில மூணு கலர் காட்டுனான். இதுல அழுக்குத் தெரியாதுன்னு எடுத்தேன்."

அந்த நாலாவது முள்ளை, இருபத்துநாலு மணி முள்ளை, அவர் வீட்டு நேரத்துக்கு வைத்திருப்பாராம். பெரியம்மா முழித்திருப்பாரா என்று பார்த்துத்தான் துறைமுகத்தில் இறங்கி போன் போடுவாராம். இந்திய நேரத்துக்கு அரை மணி உதைக்குமே, அந்த முள் முழு மணியாகத்தானே காட்டும் என்று கேட்டேன். (ஜிஎம்டி வாட்ச் வைத்திருக்கும் எல்லா இந்தியருக்கும் உள்ள பாடு இது. நிமிஷ முள் ஒன்றுதான், ஐந்தரை மணி வித்தியாசத்தை அதால் காட்ட முடியாது.) "அரை மணிய மனசுல கூட்டிக்கிடணும். அதுகூடத் தெரியாம எப்படிக் கப்பல் ஓட்டுறது?" என்று சிரித்தார். புதுசாக செராமிக்கில் கோக் வருமா என்று உலகமே காத்திருக்கிறது பெரியப்பா என்றேன். "வந்தா என்ன பண்ணப் போறாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை, காபி வந்தது, குடித்தோம்.

2024-க்கு வருகிறேன், ஏனென்றால் கோக் கதையின் உச்சக்காட்சி அதுதான். ஏப்ரல் 9, கண்காட்சி முதல் நாள். ஜெனீவாவில் காலை ஒன்பது என்றால் நமக்குப் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். எல்லோரும் ஆபீஸ் கேன்டீனில் போனைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். ரோலெக்ஸிலிருந்து புது ஸ்டீல் ஜிஎம்டி வந்தது. சாம்பலும் கறுப்பும். சிவப்பு துளிகூட இல்லை. இந்தச் சாம்பல்-கறுப்பு வளையம் முந்தின வருஷமே தங்கத்திலும் தங்கம் கலந்த ஸ்டீலிலும் வந்ததுதான், அதாவது ஆலையில் தயாராக இருந்த வளையம். அதே நாளில் ரோலெக்ஸின் தங்கை கம்பெனியான டியூடர் ஒரு வாட்சை வெளியிட்டது. பிளாக் பே 58 ஜிஎம்டி, 39 மில்லிமீட்டர். வளையம் என்ன நிறம் தெரியுமா? கறுப்பும் பர்கண்டிச் சிவப்பும். அலுமினியம்!

கேட்டது கிடைத்துவிட்டது, கேட்டவரிடமிருந்து அல்ல. செராமிக்கில் எது பெரும்பாடோ அது அலுமினியத்தில் சர்வ சாதாரணம் என்பதை ஒரே குடும்பத்தின் ரெண்டு கம்பெனிகள் ஒரே நாளில் காட்டிய மாதிரி இருந்தது. இது போதாதா நம் ஆட்களுக்கு? போதாது. 'டியூடரில் போட்டுச் சோதித்துப் பார்க்கிறார்கள், அடுத்த வருஷம் ரோலெக்ஸில் நிச்சயம்' என்று அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்கள்.

யாரும் நிஜமாகவே எதிர்பார்க்காததும் நடக்கும், அதையும் சொல்ல வேண்டும். 2022-ல் பச்சை-கறுப்பு ஜிஎம்டி வந்தது, அதில் சாவி திருகும் குமிழ் இடப்பக்கம். தேதியும் இடப்பக்கம். படம் வந்ததும் யாரோ இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். இடக்கைக்காரர்களுக்கு என்று ஒரு ரோலெக்ஸ் வரும் என எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. 2023-ல் டே-டேட் ஒன்றில் கிழமைக்குப் பதில் 'ஹேப்பி', 'லவ்' மாதிரி வார்த்தைகளும் தேதிக்குப் பதில் எமோஜியும் வைத்தார்கள். இவ்வளவு காசு கொடுத்துவிட்டுத் தேதி தெரியாத வாட்ச். அதே வருஷம் மில்காஸ் என்ற மாடலில் புதுசு வரும் என்று காத்திருந்தவர்களுக்கு, இருந்த மில்காஸும் போயிற்று.

அப்புறம் 2025. இதில்தான் என் கட்சிக்கு பலம் கூடியது. லேண்ட்-டுவெல்லர் என்ற பெயரை ரோலெக்ஸ் வணிக முத்திரையாகப் பதிவு செய்திருப்பதை முன்கூட்டியே சிலர் தோண்டி எடுத்திருந்தார்கள். சீ-டுவெல்லர், ஸ்கை-டுவெல்லர், இப்போது தரையில் வசிப்பவரா என்று நான் உட்பட எல்லோரும் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு ரோஜர் ஃபெடரர் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டார். கையில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு வாட்ச், கேஸும் பட்டையும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. தவறி வந்ததா, வேண்டுமென்றே வந்ததா என்று இன்னமும் பட்டிமன்றம் நடக்கிறது. இவ்வளவு வருஷம் ரோலெக்ஸின் முகமாக இருப்பவர் கையில் என்ன கட்டியிருக்கிறோம் என்று தெரியாமலா போட்டோ எடுத்துக்கொள்வார்? ஏப்ரல் 1 அன்று அறிவித்தார்கள். முட்டாள்கள் தினத்தில் புது வாட்ச் குடும்பத்தையே அறிமுகம் செய்ய தைரியம் வேண்டும்.

வெளியே பார்த்துப் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். தேன்கூடு டயல், தட்டையான ஜூபிலி பட்டை, எழுபதுகளின் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் சாயல். சுளிக்கட்டும். விஷயம் உள்ளே இருக்கிறது. மெக்கானிக்கல் வாட்சில் ஸ்பிரிங்கின் பலத்தைத் துளித்துளியாக விடுகிற ஒரு பாகம் உண்டு, எஸ்கேப்மென்ட். கிட்டத்தட்ட எல்லா ஸ்விஸ் வாட்சிலும் அது ஒரு நெம்புகோல், அதன் முனையில் ரெண்டு மாணிக்கக் கல், அந்தக் கல் மீது சக்கரத்தின் பல் உரசிக்கொண்டு போகும். உரசுவதால் எண்ணெய் வேண்டும், எண்ணெய் காய்ந்தால் சர்வீஸ் வேண்டும், உரசலில் பலமும் வீணாகும். ரோலெக்ஸ் இந்த வாட்சுக்குச் செய்த 7135 என்ற இயந்திரத்தில், சிலிக்கானில் செய்த ரெண்டு சக்கரங்கள் மாறி மாறிப் பலத்தைக் கடத்துகின்றன, பற்கள் உரசாமல் உருண்டு போகின்றன. பழைய முறையைவிட 30 சதவீதம் கூடுதல் திறன் என்கிறார்கள். நொடிக்கு எட்டுக்குப் பதில் பத்து அடி அடித்தும் 66 மணி நேரம் ஓடுகிறது. வாட்சின் பேரில் மொத்தம் 32 காப்புரிமை விண்ணப்பங்கள்.

இப்படி ஒரு எஸ்கேப்மென்ட்டை ஒரே ஒரு மாடலுக்காக யாரும் செய்யமாட்டார்கள். ஆகவே, அடுத்து என்ன வரும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: இந்தச் சக்கரங்கள் எந்தெந்த வாட்சுக்குள் போகும் என்று பாருங்கள். வளையத்தின் நிறத்தை விடுங்கள். காப்புரிமை ஆவணங்கள் பொதுவில் இருக்கின்றன. படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் போட்டோஷாப் படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

படேக் பக்கம் வேறு மாதிரிக் கூத்து. 5711 நாட்டிலஸ் என்ற மாடலை 2021-ல் நிறுத்தியதிலிருந்து அந்த இடத்துக்கு என்ன வரும் என்று ஏக்கம். அந்த டிசம்பரில் டிஃபனி நகைக்கடையின் நீல நிற டயலோடு 170 நாட்டிலஸ் செய்து, ஒன்றை நியூயார்க்கில் ஏலம் விட, அது 65 லட்சம் டாலருக்குப் போனது. 2024 அக்டோபரில் க்யூபிட்டஸ் வந்தது. சதுர முகம், 45 மில்லிமீட்டர். அறிவிப்புக்குச் சில நாள் முன் ஒரு பத்திரிகை விளம்பரம் வழியாகவே விஷயம் வெளியே வந்துவிட, கம்பெனி பேசும் முன்பே உலகம் திட்டி முடித்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்குச் சதுர வாட்ச் பிடிக்கும்.

நம் ஊர் நிலவரம் என்ன? கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜிஎம்டி இருக்கும், பக்கத்தில் 'காட்சிக்கு மட்டும்' என்று ஒரு அட்டை. எங்கள் குழுவில் காசுக்குக் குறைவில்லாத ஒருவர் இருக்கிறார், அவர் மட்டும் ஒரு கடையில் விசாரித்துப் பார்த்தார். 'ஆர்வத்தைப் பதிவு செய்துகொள்கிறோம் சார்' என்றார்களாம். எவ்வளவு நாள் ஆகும் என்றதற்கு ஒரு புன்னகை. புது மாடல் வந்த அன்று பார்த்து ஆசைப்பட்டவர் அதைக் கையில் கட்டுவதற்குள் அடுத்த கண்காட்சியே வந்துவிடும். 2025 அக்டோபர் 1 முதல் ஸ்விட்சர்லாந்து உட்பட்ட நாலு நாடுகளோடு இந்தியாவின் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்திருக்கிறது, அதன்படி ஸ்விஸ் வாட்சுகளுக்கான சுங்கவரி ஏழு வருஷத்தில் படிப்படியாக இறங்கும். டிஸ்ஸோ, லாஞ்சீன் வாங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. ரோலெக்ஸுக்கு வரி குறைந்தாலும் வரிசை குறையப் போவதில்லை.

இடையில் ஒரு பெருமை. ஜெனீவாவையே பார்த்துக்கொண்டிருந்தால் ஓசூரை விட்டுவிடுகிறோம். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், 2025-ல் சொந்தமாகச் செய்த டூர்பியான் (எஸ்கேப்மென்ட்டையே சுழலவிடுகிற அமைப்பு) போட்டு ஜல்சா என்று ஒரு தங்க வாட்ச் விட்டது. பத்தே பத்து, ஒன்று 40 லட்சத்துக்கும் மேல். டயலில் ஹவா மகால் நுண்ணோவியம். அதற்கு முன்னால் யாராவது அதை ஊகித்தார்களா, ஒரு சிவப்பு வட்டமாவது போட்டார்களா? கிடையாது. நம் ஆலைக்கு வெளியேயும் நாலு பேர் நின்று எட்டிப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்.

சரி, என் பந்தயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோக் இந்த வருஷமும் இல்லை. பெப்சி போகலாம், போனால் அந்த இடத்தைக் கொஞ்ச காலம் காலியாகவே விடுவார்கள். நூற்றாண்டுக்கு ஒரு ஆய்ஸ்டர் பெர்பெச்சுவல் வரும், நாம் எதிர்பார்ப்பதைவிட அடக்கமாக இருக்கும், எல்லோரும் 'இவ்வளவுதானா' என்பார்கள். லேண்ட்-டுவெல்லரின் எஸ்கேப்மென்ட் இன்னொரு குடும்பத்துக்குள் நுழையும், இந்த வருஷமே என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் நுழையும். தினமும் கட்டுகிற டேட்ஜஸ்ட்டில் அது வந்தால் எனக்குக் கோக்கைவிடப் பெரிய செய்தி அதுதான்.

கண்காட்சி இந்த முறை ஏப்ரல் 14-ல் ஆரம்பித்து 20 வரை. முதல் நாள் தமிழ்ப் புத்தாண்டு, லீவு, கேன்டீனில் ஒளிந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பன்னிரண்டரைக்கு வீட்டில் சரியாக இலை போடுவார்கள், அதுதான் பிரச்சினை. சாப்பிடும்போது போனைத் தொடக்கூடாது என்று அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.